கருங்காலி யார், மாற்றுக் கருத்துச் சொல்பவர் யார்?

(பதுளையில் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர், மாதர் தலைவிமார் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கமிருந்து விடிவதற்கு முன்னமே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அப்புத்தளை, பூணாகலைப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

இன்று எமக்குத் தரப்பட்ட தலைப்பு தொழிற்சங்க ஒழுக்கம். ஒழுக்கம் என்றவுடன் சந்தா, கூட்டத்துக்கு வருவது, வேலைநிறுத்தம் என்றால் ஒருவரும் மலைக்கு ஏறாமல் இருப்பது, இவைதான் நினைவுக்கு வரும். அவை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியவை அல்ல. நாம் பேச நினைப்பது, நமது கூட்டங்களில் இப்போது மலிவாகிப் போயிருக்கும் இரண்டு சொற்களைப் பற்றி. ஒன்று "துரோகி". மற்றது "கம்பனி ஆள்".

சில மாதங்களாக நமது தோட்டங்களில் எந்தப் பேச்சு ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்து, பறித்துத் தரும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் முறை. கம்பனிகள் இதை அவுட்குரோவர் முறை என்கின்றன. நமது சங்கம் இதை எதிர்க்கிறது. நாமும் எதிர்க்கிறோம். நாட்சம்பளம் போனால் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கேள்விக்குறியாகும். பராமரிப்பு நம் தலையில் விழும், நிலம் நம்முடையது ஆகாது. விலை ஏறினால் லாபத்தில் பங்கு என்பார்கள், விலை விழுந்தால் நட்டம் முழுக்க நம் அடுப்பில்தான் தெரியும். இந்த எதிர்ப்பில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு மாதர் தலைவிமார் எழுந்து, "எங்களுக்கு இந்த முறை பரவாயில்லை" என்று சொன்னார்கள். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். "காலையில பிரட்டுக்கு ஓடணும், பிள்ளைய மடுவத்துல விடணும். பிள்ளைக்குக் காய்ச்சல்னு அரை மணி நேரம் பிந்தினா திருப்பி அனுப்புறாங்க. கிலோ குறைஞ்சா அரைப்பேர். நிறுக்கிற இடத்துல தண்ணிக்குன்னும் கூடைக்குன்னும் கழிக்கிறத யாரும் கேக்கிறதில்ல. எங்க செடிய நாங்களே பார்த்துக்கிட்டா நேரமாவது எங்க கையில இருக்கும்." அவ்வளவுதான் சொன்னார்கள்.

கூட்டத்தில் கூச்சல். "கம்பனிகிட்ட எவ்வளவு வாங்கின?" என்று ஒரு குரல். மறுவாரம் அந்த இருவரையும் தலைவிப் பொறுப்பிலிருந்து நீக்கத் தீர்மானம் எழுதப்பட்டது. அதோடு முடிந்திருந்தால் அது கமிட்டிக்குள் நடந்த சண்டை. அவர்களில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக லீவு விஷயமாக ஒபிசில் பேச வேண்டியிருந்தது. "உன் விஷயத்த உன் கம்பனியே பார்த்துக்கட்டும்" என்று சொல்லப்பட்டிருக்கிறது. மாதம் தவறாமல் சந்தா கட்டும் ஓர் உறுப்பினருக்குச் சொல்லப்பட்ட பதில் அது. நாம் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். லயத்தில் நடக்கும் சண்டை வகுப்புக்குள் வந்து சேர இரண்டு நாள்கூட ஆகாது. நாலாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் "கம்பனிக்காரி மக" என்று கூப்பிடுவதைக் காதால் கேட்டோம்.

கருங்காலி என்று ஒரு சொல் நமது இயக்கத்தில் பல காலமாக இருக்கிறது. அதற்குத் தெளிவான பொருளும் உண்டு. எல்லாரும் சேர்ந்து வேலைநிறுத்தம் என்று முடிவெடுத்த பிறகு, பின்வழியாக மலைக்கு ஏறிப் பேர் வாங்குகிறவர் கருங்காலி. கமிட்டியில் பேசியதை இரவோடு இரவாகச் சின்னத்துரையின் காதில் போடுகிறவர் கருங்காலி. முடிவெடுப்பதற்கு முன் கூட்டத்தில் எழுந்து நின்று, முகத்துக்கு நேராக, "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று சொல்பவர் யார்? அவர் செய்வது கருங்காலி செய்வதற்கு நேர் எதிரானது. கருங்காலி கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் கை தூக்குவார். அவர் வாயைத் திறப்பது வேறோர் இடத்தில். இந்த இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டால் லாபம் கருங்காலிக்குத்தான். ஏனென்றால் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டும் இடத்தில் அவரை அடையாளம் காண முடியாது.

கூட்டத்தோடு ஒத்துப்போகாத ஆளைப் பற்றி மலையகத் தொழிலாளராகிய நாம் இளக்காரமாகப் பேச முடியுமா என்று நமது வரலாற்றைத் திருப்பிப் பார்ப்போம்.

1948. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நமது பாட்டன் பாட்டிமார் நாடற்றவர்கள் ஆனார்கள். அதற்கு முந்திய வருடத் தேர்தலில் வாக்குப் போட்டு, இலங்கை இந்திய காங்கிரசின் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அதே மக்கள். யாழ்ப்பாணத்தில் அப்போது பெரிய கட்சி ஜி.ஜி. பொன்னம்பலம் அவர்களின் தமிழ்க் காங்கிரஸ். 1948 ஆகஸ்டில் அந்தக் கட்சி சட்டத்தை எதிர்த்துத்தான் வாக்களித்தது. பிறகு பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். அடுத்து இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தபோது கட்சித் தலைமை அரசாங்கத்தோடு நின்றது. கட்சியில் பெரும்பாலானவர்களும் தலைவரின் பின்னால்தான் நின்றார்கள். அமைச்சர் பதவி இருந்தால் வடக்குக்குத் தொழிற்சாலை வரும், வேலை வரும் என்று ஒரு நியாயமும் சொன்னார்கள். அதை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது, பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சர்.

அந்தக் கட்சிக்குள்ளிருந்து "இது சரியில்லை" என்று சொன்னவர்கள் சிலர்தான். காங்கேசன்துறை உறுப்பினர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம், கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், செனட்டர் இ.எம்.வி. நாகநாதன். ஒன்றைக் கவனியுங்கள். காங்கேசன்துறையில் தேயிலைத் தோட்டம் கிடையாது. பதுளையில் கொழுந்து பறிக்கும் ஒருவர்கூடச் செல்வநாயகத்துக்கு வாக்குப் போட முடியாது. அவருக்கு நம்மால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. அவருடைய வாக்காளர்களில் பலர் தோட்டத்து மக்களைத் தங்களில் ஒருவராக நினைத்தவர்களும் அல்ல. இதைச் சொல்வதில் என்ன வெட்கம், அந்தக் காலம் அப்படித்தான். செல்வநாயகம் பிறந்ததே மலாயாவில், ஈப்போவில். ஊரை விட்டுப் பிழைக்கப் போன குடும்பங்களின் பாடு அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்பது நமது ஊகம். இன்று மலையகத் தமிழனின் உரிமையைப் பறிக்க விட்டால், நாளைக்கு மொழிப் பிரச்சினை வரும்போது நமக்கும் இதுதான் நடக்கும் என்பது அவருடைய வாதம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அது எவ்வளவு சரி என்று எல்லாருக்கும் தெரிந்தது.

1949 டிசம்பர் 18ஆம் திகதி, மருதானையில் அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில், தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டது. ஒரு தொழிற்சங்க மண்டபத்தில் என்பதையும் நினைவில் வையுங்கள். "தமிழரின் ஒற்றுமையைக் குலைக்கிறார்" என்று அவரைச் சொன்னார்கள். 1952 தேர்தலில் அவருடைய சொந்தத் தொகுதி மக்களே அவரைத் தோற்கடித்தார்கள். ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் நடேசன் வென்றார். தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடம். தந்தை செல்வா என்று பின்னால் கூப்பிட்டதை வைத்து 1952ஐ மறந்துவிடக் கூடாது. அந்த வருடத்தில் அவர் தோற்றுப்போன ஒரு வழக்கறிஞர், அவ்வளவுதான். 1956இல்தான் காங்கேசன்துறை அவரைத் திருப்பி எடுத்தது.

அதே வருடங்களில் நமது பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம், 1951 ஆகஸ்டோடு முடிவு. விண்ணப்பிக்காமல் சட்டத்தையே புறக்கணிப்போம் என்பது இலங்கை இந்திய காங்கிரசின் முதல் முடிவு. கோபம் நியாயமான கோபம். பிறந்த மண்ணில் பிரஜையாக இருக்க ஏன் விண்ணப்பம் போட வேண்டும்? பிறகு காலம் போய்க்கொண்டிருந்தபோது காங்கிரஸே முடிவை மாற்றி, எல்லாரும் விண்ணப்பியுங்கள் என்றது. 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. திருமணமானவர் என்றால் 1946 ஜனவரிக்கு முன் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். லயத்தில் இருப்பவரிடம் என்ன கடதாசி இருக்கும்? கடைசியில் அந்தச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். அதிகாரிகள் நிராகரித்த விதம்தான் இதற்கு முதற்காரணம், அதில் மாற்றுப் பேச்சில்லை. ஆனாலும் ஒரு சங்கம் தன் முடிவைப் பாதி வழியில் மாற்ற வேண்டி வருகிறது என்றால், அந்த மாற்றத்துக்குரிய நியாயத்தை முதல் நாளே எழுந்து சொல்லும் ஆளும் அவரைப் பேச விடும் கூட்டமும் எவ்வளவு பெறுமதி என்று யோசித்துப் பாருங்கள். கோபத்தில் இருக்கும் கூட்டத்தில் "மனுவைப் போட்டு வைப்போம், சண்டையும் பிடிப்போம்" என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

பிறகு ஒரு காலத்தில் கூட்டத்தோடு ஒத்துப்போகாத ஆளாக நாமே நின்றோம். 1972இல் தமிழர் கூட்டணி உருவானபோது தமிழரசும் தமிழ்க் காங்கிரசும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் அதில் இருந்தன. 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. சௌமியமூர்த்தி தொண்டமான் அதில் சேரவில்லை. வடக்கில் சில மேடைகளில் அவரையும் துரோகி என்றார்கள். தொண்டமானின் அரசியலில் நமது சங்கத்துக்கு எத்தனையோ கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது, இனியும் இருக்கும். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் பதுளையில் இருப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. நம் தோட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் சிங்களக் கிராமம். எல்லை எங்கே போடுவது? 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது, தமிழரைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்த சிங்களவர்களும் இருந்தார்கள். அவர்களும் தங்கள் ஆட்களின் வெறிக்கு எதிராக நின்றவர்கள்தான். வாசலில் வந்து நின்ற கூட்டத்திடம் "இங்கே யாரும் இல்லை" என்று சொன்னவரை அந்தக் கூட்டம் என்னவென்று அழைத்திருக்கும்?

துரைமார் கூட்டத்திலிருந்தும் ஓர் ஆள் உண்டு. வயதானவர்கள் பிரேஸ்கேர்டல் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மடுல்கலைப் பக்கம் ரெலுகஸ் தோட்டத்தில் வேலை பழக வந்த வெள்ளைக்கார இளைஞர். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மேடையேறித் துரைமாரைத் தாக்கிப் பேசினார். நாட்டை விட்டு வெளியேறும்படி ஆளுநர் கட்டளை போட்டார். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. இதை நாம் எவ்வளவு ரசித்துச் சொல்கிறோம்! துரைமாரில் ஒருவர் துரைமாருக்கு எதிராகப் பேசினால் அவர் வீரர். நம்மில் ஒருவர் நமக்கு எதிராகப் பேசினால் மட்டும் எவ்வளவு வாங்கினார் என்று கேட்கிறோம்.

கிட்டத்துக் கதைக்கு வருவோம். 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி. ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு, கறுப்பு உடை போட்டுக்கொண்டு நமது பிள்ளைகள் காலிமுகத்திடலில் கூடினார்கள். கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள். எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை, போனில்தான் செய்தி போனது. அப்போது சங்கக் காரியாலயங்களில் கேட்ட பேச்சு நினைவிருக்கிறதா? "இவங்க யாரு? சந்தா கட்டுறாங்களா? கொழுந்து பறிக்கிறாங்களா?" 2019 ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது. அதோடு வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் எடுபட்டன. அந்தப் பிள்ளைகள் கேட்ட ஆயிரம் 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக, வர்த்தமானியில் வந்தது. அவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. கூட்டு ஒப்பந்தமே வேண்டாம் என்ற பேச்சும் அப்போது கேட்டது. ஒப்பந்தம் இல்லாமல் போன பிறகு, கிலோவைக் கூட்டும்போதும் வேலைநாளைக் குறைக்கும்போதும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இல்லாமல் நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். ஆனால் இதையெல்லாம் அவர்களுடன் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேச இடம் கொடுக்காததால் அந்தத் தம்பி தங்கைகளில் பலர் இன்று எந்தச் சங்கத்தின் பக்கமும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு தலைவர் நியாயமான கேள்வி கேட்பார். ஆளுக்கொரு கருத்து என்று விட்டால் சங்கம் என்னத்துக்கு? கம்பனி நம்மைப் பிரிக்கத்தானே காத்திருக்கிறது? உண்மை. 7 பேர் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதியலாம். நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்துப் பேசியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த, 40 சதவீத உறுப்பினர் வேண்டும். அந்த ஏழுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் நம்மைத் துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள். ஒரே லயத்தில் மூன்று சங்கம், ஒரே வீட்டில் புருசனுக்கு ஒன்று, பெண்சாதிக்கு ஒன்று. ஆனால் இந்தப் பிரிவினை எப்படி வருகிறது? கூட்டத்தில் பேசியதால் சங்கம் மாறியவர் குறைவு. பேச விடாததால் படிவத்தை நிரப்பிச் சந்தாவை மாற்றியவர்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். அந்த இரண்டு தலைவிமாருக்கும் படிவம் கொண்டுபோய்க் கொடுக்க வேறு ஆட்கள் ஏற்கனவே லயத்துக்கு வந்து போய்விட்டார்கள்.

இன்னொன்று. அந்தத் தலைவிமார் சொன்ன காரணங்களைக் கூச்சல் இல்லாமல் இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். பிரட்டு நேரம், பிள்ளை மடுவம், அரைப்பேர், தராசில் கழிவு. நான்கும் நமது கோரிக்கைப் பட்டியலில் முதலில் இருந்திருக்க வேண்டியவை. நாட்சம்பளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் சொல்கிறோம். அந்த நாட்சம்பளத்துக்காக வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த நாள் எப்படிக் கழிகிறது என்று அவர்கள் சொன்னார்கள். இதைத் தீர்க்காமல் அவுட்குரோவரை எதிர்த்தால், கம்பனி நீட்டும் கடதாசியில் நமது பெண்களே ஒருத்தர் பின் ஒருத்தராகக் கையெழுத்து வைப்பார்கள். நமது கமிட்டித் தலைவர்களில் எத்தனை பேர் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர்கள்? ஆண்கள் மன்னிக்க வேண்டும், கவ்வாத்துக் கத்தி பிடிப்பவருக்குத் தராசடியில் நடப்பது தெரியாது.

ஆகவே நாம் கேட்பது சில சின்ன ஏற்பாடுகள்தான். கமிட்டிக் கூட்டத்தைப் பெண்கள் தண்ணீர் எடுத்து அடுப்பு மூட்டும் நேரத்தில் வைக்காதீர்கள். தலைவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் பிறகு பேசுகிறவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் முடிவை எழுதும்போது மாற்றுக் கருத்தையும் காரணத்தோடு இரண்டு வரி எழுதுங்கள். பெரிய முடிவு என்றால் கை தூக்க வேண்டாம், கடதாசியில் எழுதிப் பெட்டியில் போடட்டும். முடிவு வந்த பிறகு வேலைநிறுத்தம் என்றால் வேலைநிறுத்தம்தான். மாற்றுக் கருத்துச் சொன்னவரும் வரிசையில் நிற்க வேண்டும். அந்த இரண்டு தலைவிமாரும் இதுவரை ஒரு வேலைநிறுத்தத்திலும் மலைக்கு ஏறியதில்லை, அது அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே நேரம், நின்றுகொண்டே அடுத்த கூட்டத்தில் தன் கருத்தை மறுபடி சொல்ல அவருக்கு உரிமை உண்டு. யார் என்ன பேசியிருந்தாலும், லீவு, ஆஸ்பத்திரி, சேமலாப நிதிப் படிவம் என்று வந்தால் தலைவர் ஒபிசுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் சந்தா.

அந்த நீக்கத் தீர்மானம் வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டிக் கூட்டத்துக்கு வருகிறது. அதற்கு எதிராக வாக்களிப்போம் என்று இங்கேயே சொல்லி வைக்கிறோம். அவுட்குரோவர் பற்றிய தீர்மானமும் அன்றைக்கே வருகிறது. அதில் அந்தத் தலைவிமாருக்கு எதிரான பக்கத்தில்தான் நமது வாக்கு. அவர்களைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டோம். "சரி, பேசிப் பார்ப்போம்" என்றார்கள். தராசடியில் ஒரு மாதம் கழித்த கிலோக்களை அவர்கள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.